முப்பத்தொன்றும் ஒன்றுபோல்

அந்தத் தெருவில் அவருக்குக் குடைக்காரர் என்று பெயர். குடை விற்பவரும் அல்ல, குடை ரிப்பேர் செய்பவரும் அல்ல. வெயில் மண்டையைப் பிளக்கும் நாளிலும் கக்கத்தில் ஒரு கறுப்புக் குடையை இடுக்கிக்கொண்டு போய் வருகிறவர், அவ்வளவுதான். உண்மையில் அவர் ஒரு காட்சியகத்தின் உரிமையாளர், காப்பாளர், மெக்கானிக், பெருக்கித் துடைப்பவர், எல்லாம் அவரே. பழைய வானிலைக் கருவிகளுக்கென்றே ஒரு சின்னக் காட்சியகம். முன்னறை இரண்டும் காட்சிக்கு, பின்னறை பட்டறைக்கு. வாசலில் டிக்கெட் மேசை. அதில் அவர் மனைவி, கையில் ஒரு துப்பறியும் நாவலோடு. ஒரு நாளைக்கு ஒரு நாவல் முடிகிற அளவுக்குத்தான் கூட்டம்.

இங்கே சொல்லப்போகும் கதையை இப்போதெல்லாம் அவரே வருகிறவர்களிடம் சொல்கிறார். டிக்கெட்டோடு இலவசம். தன் காலைத் தானே வாருவதில் அவருக்கு ஒரு தனி ருசி வந்துவிட்டது. முன்பு அப்படியில்லை. முன்பெல்லாம் யாராவது லேசாகச் சிரித்தாலே அவருக்கு மூக்குக்கு மேல் கோபம் வந்துவிடும். அதனால் இதில் எதையும் நான் கூட்டிச் சொல்லவில்லை. கூட்டவேண்டிய அளவுக்கு அவர் பாக்கி வைக்கவும் இல்லை.

முன்னறைச் சுவர்களில் காற்றழுத்தமானிகள் வரிசையாகத் தொங்கின. தேக்குச் சட்டம் போட்டவை, பித்தளைக் கூடு போட்டவை, கப்பலில் இருந்து வந்தவை, ஏதோ ஒரு பங்களாவின் வரவேற்பறையில் இருந்து வந்தவை. பெரும்பாலும் வட்ட முகம். முகத்தைச் சுற்றி ‘புயல்’, ‘மழை’, ‘மாறுதல்’, ‘தெளிவு’ என்ற சொற்கள். நடுவே ஒரு முள். காற்று கனத்தால் முள் தெளிவுப் பக்கம் நகரும், லேசானால் மழைப் பக்கம் சாயும். அவ்வளவுதான் சங்கதி. ஆனால் பழைய கருவிகள் நாலைந்தை ஓர் அறையில் மாட்டிப் பாருங்கள். ஒன்று புயல் என்னும், பக்கத்தில் இருப்பது அப்படியெல்லாம் ஒன்றுமில்லை என்னும். நம்மவர் காட்சியகத்தில் அந்தப் பேச்சுக்கே இடமில்லை. வாசல் பலகையிலும் துண்டுப் பிரசுரத்திலும் அவர் கொட்டை எழுத்தில் போட்டிருந்தார்: ‘முப்பத்தொன்றும் ஒன்றுபோல் காட்டும்.’ பார்க்க வருகிறவர்களுக்கு முன்னால் ஒவ்வொரு கண்ணாடியையும் நகத்தால் டொக் டொக்கென்று தட்டிக்கொண்டே போவார். முள் லேசாக நடுங்கி, பக்கத்து முள் நிற்கும் அதே இடத்தில் போய் நிற்கும். அந்த நேரத்தில் அவர் நெஞ்சு இரண்டு அங்குலம் விரியும்.

ஒரே ஒரு சின்ன விஷயம். பதினோரு வருஷமாக அந்த முட்கள் பெரும்பாலும் மாறுதலுக்கும் மழைக்கும் நடுவிலேயே குடியிருந்தன.

பக்கத்துக் கட்டடத்தில் ஒரு சலவைக் கடை. கடைக்காரர் தினமும் காலையில் கதவைத் திறந்ததும் எட்டிப் பார்த்துக் கேட்பார்.

“என்ன சார் சொல்லுது உங்க முள்ளு?”

“மழைக்கு வாய்ப்பிருக்கு.”

உடனே சலவைக்காரர் கடைக்குள் திரும்பிக் குரல் கொடுப்பார். “எல்லாத்தையும் வெளியிலேயே காயப்போடு!” அடுத்த நிமிஷம் படுக்கை விரிப்புகள் எல்லாம் கொடியில் ஏறிவிடும். வேண்டுமென்றே தன்னை மட்டம் தட்டுகிறான் என்று குடைக்காரருக்கு உள்ளுக்குள் எரியும். மழையும் வராது. மாலையில் குடையை மூலையில் சாத்தும்போது, “இன்னிக்கு வானிலை தப்புப் பண்ணிடுச்சு” என்பார் மனைவியிடம். ஆமாம், அப்படித்தான் சொல்வார். தப்பு முழுக்க வானிலை மேல்தான்.

அவருக்கு அத்தனை நம்பிக்கை வரக் காரணம் பெரியவர். பட்டறை மூலையில், சுவரில் ஆணியில் தொங்கிய பாதரச அழுத்தமானிக்கு அவர் வைத்த பெயர் அது. நெஞ்சுயரக் கண்ணாடிக் குழாய், அதற்குப் பித்தளை உறை, அடியில் ஒரு கிண்ணம், உள்ளே பாதரசம். பல்சக்கரம் கிடையாது, சுருள்வில் கிடையாது, முள் கிடையாது. பொய் சொல்வதற்கு அதற்குள் ஆளே இல்லை என்பார். மாதத்தின் முதல் திங்கட்கிழமை பெரியவரின் அளவைப் படித்து, மற்ற முப்பதின் முதுகிலும் இருக்கும் சின்னத் திருகைத் திருப்பி, அதே அளவுக்குக் கொண்டுவந்து நிறுத்துவார். அப்புறம் அவை ஏன் ஒன்றுபோல் காட்டாது?

பெரியவரை அவர் வாங்கியது மூடிப்போன ஒரு பள்ளிக்கூடத்தின் ஆய்வகத்தில். அரைநாள் பஸ் பயணம். உட்கார்ந்தால் சாய்ந்துவிடுமோ என்று பயந்து, நெட்டுக்குத்தாக மார்போடு அணைத்துக்கொண்டு நின்றபடியே ஊர் வந்து சேர்ந்தார். பஸ் குலுங்கியபோதெல்லாம் இவரும் குலுங்கினார், பெரியவரும் குலுங்கினார். பாதரச அழுத்தமானியைத் தலைகீழாகத்தான் எடுத்துப் போகவேண்டும், நிமிர்த்திக் குலுக்கினால் குழாய்க்குள் காற்று புகுந்துவிடும் என்று ஒரு வருஷம் கழித்து ஒரு புத்தகத்தில் படித்தார். அன்றிலிருந்து வருகிறவர் போகிறவருக்கெல்லாம் அதை விரலை ஆட்டி ஆட்டிச் சொல்லிக்கொடுத்தார். அந்தப் பஸ் பயணத்தையும் இந்தப் பாடத்தையும் மட்டும் அவர் ஒருநாளும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கவில்லை.

காற்று புகுந்திருக்கிறதா என்று பார்க்க ஒரு வழி உண்டு. குழாயை மெல்லச் சாய்க்கவேண்டும். உச்சியில் இருப்பது சுத்தமான வெற்றிடம் என்றால் பாதரசம் போய்க் கண்ணாடியில் ‘டிக்’ என்று மோதும். கூர்மையாக, உலோகம் மோதுகிற மாதிரிக் கேட்கும். காற்று இருந்தால் சத்தமே வராது. பழுதுபார்க்க வந்த கருவிகள் அத்தனையையும் அவர் சாய்த்துக் கேட்டிருக்கிறார். அந்த ‘டிக்’கைப் பற்றி அவர் செய்யும் பிரசங்கத்தை டிக்கெட் மேசையில் இருந்து கேட்டுக் கேட்டு மனைவிக்கு மனப்பாடமே ஆகிவிட்டது. பெரியவரை மட்டும் அவர் சாய்த்ததில்லை. கேட்டால், “பெரியவங்களை யாராவது சாய்ச்சுப் பார்ப்பாங்களா?” என்பார். மரியாதையாம். பச்சையாகச் சொன்னால் பயம்.

வானொலியில் சொல்லும் அழுத்தத்தைவிடப் பெரியவர் எப்போதும் குறைத்தே காட்டுகிறார் என்பது அவருக்கும் தெரிந்துதான் இருந்தது. அதற்கும் ஒரு விளக்கம் கண்டுபிடித்தார். உயரம் கூடக் கூட அழுத்தம் குறையும். ஆகவே இந்த ஊர் உயரத்தில் இருக்கிறது! கணக்குப் போட்டுப் பார்த்து வாசலில் இன்னொரு பலகையும் மாட்டினார்: ‘இவ்விடம் கடல்மட்டத்திலிருந்து 124 மீட்டர்.’ ரயில் நிலையப் பெயர்ப்பலகையில் 14 மீட்டர் என்று இருந்தது. ஒரு ‘2’ விட்டுப்போயிருக்கிறது, திருத்தவும் என்று ரயில்வேக்கு மூன்று கடிதம் எழுதினார். கடிதம் கிடைத்தது என்று ஒரு பதில் வந்தது. அதற்குச் சட்டம் போட்டு மாட்டினார்.

“நம்ம தெருவில ஒரு பந்தை வச்சா எந்தப் பக்கமும் உருளாதுங்க” என்றாள் மனைவி.

“மேட்டு நிலம் சமமா இருக்கக்கூடாதா? பீடபூமின்னு படிச்சதில்ல?”

அவள் நாவலில் அடுத்த பக்கத்தைத் திருப்பினாள்.

இனி அக்கா. அவரைவிடப் பத்து வயது மூத்தவள். ரயிலில் அரைநாள் தள்ளி இருந்த ஒரு வானிலை நிலையத்தில் முப்பத்திநாலு வருஷம் நோக்கர் வேலை. தினமும் காலை எட்டரைக்கு நிலையத்தின் பாதரச அழுத்தமானியைப் படித்து, நோட்டில் எழுதி, தலைமை அலுவலகத்துக்குப் போன் செய்வாள். அதே வேலைக்கான பரீட்சையை இவரும் எழுதினார், இரண்டு தடவை. இரண்டு தடவையும் ஊத்திக்கொண்டது. பரீட்சைக்குப் படிக்க அக்காவின் குவார்ட்டர்ஸில் தங்கியிருந்தபோது இவர் தினமும் கேட்ட ஒன்று உண்டு. அக்கா போனில் அளவைச் சொல்வாள், அந்தப் பக்கத்துக் குரல், “திரும்பச் சொல்லுங்க” என்னும், அக்கா மறுபடி சொல்வாள், அப்புறம்தான் எழுதிக்கொள்வார்கள்.

“எரிச்சலா வராதா அக்கா?”

“எதுக்குடா எரிச்சல்? நாட்டுல எத்தனை பேர் சொன்னதை இன்னொரு தடவை கேட்கிறாங்க சொல்லு. எழுதிக்கப் போறவன்தான்டா திரும்பக் கேட்பான்.”

அப்படி ஒருவர் தன்னையும் கேட்கமாட்டாரா என்று அன்று அவருக்கு ஏக்கமாக இருந்தது. அதற்குப் பிறகும் அது போகவில்லை. காட்சியகம் திறந்த நாளில் அக்கா வந்தாள். கால் மணி நேரம் சுற்றிப் பார்த்தாள். “பொம்மைக் கடை நல்லாத்தான்டா இருக்கு” என்று சொல்லிவிட்டு ரயிலைப் பிடிக்கக் கிளம்பிவிட்டாள். பதினோரு வருஷமாகியும் அந்தச் சொல் அவருக்குச் செரிக்கவில்லை. சுவரில் கருவி ஒவ்வொன்றாகக் கூடியதெல்லாம் அவள் ஒருத்தி மறுபடி வந்து பார்க்கவேண்டும் என்பதற்காகத்தான்.

வந்தாள். முன்னதாகக் கடிதம் வந்தது. நிலையத்தை மூடிவிட்டார்கள், இனி ஒரு கம்பத்தில் மாட்டிய யந்திரம் தானே அளந்து தானே அனுப்பிக்கொள்ளும். அக்கா படித்துவந்த அழுத்தமானியை எங்கே வைப்பது என்று பரிந்துரைக்கும் பொறுப்பை அவளிடமே விட்டிருந்தார்கள். பெரிய நகரத்துக் காட்சியகம் ஒன்று, இல்லையென்றால் தம்பியின் காட்சியகம். நேரில் ஆய்ந்து படிவத்தை நிரப்பவேண்டும். ‘கருவியையும் எடுத்துக்கொண்டு வியாழன் காலை வருகிறேன். சொந்தம் என்பதற்காக ஒரு வரிகூடக் கூட்டி எழுதமாட்டேன்’ என்று கடைசியில் ஒரு வரி.

குடைக்காரர் மூன்று நாள் தூங்கவில்லை. பித்தளையைத் தேய்த்துத் தேய்த்துத் தன் முகமே தெரியும்படி செய்தார். வெயிலைக் குவித்து அட்டையில் தீய்த்துக் காட்டும் வெயில் மானியின் கண்ணாடி உருண்டையைத் துடைத்து, போன வருஷம் போல ஜன்னல் திரையைப் பொசுக்கிவிடாதபடி உள்ளே தள்ளி வைத்தார். முடி ஈரப்பதமானிக்குப் புது முடி தேவைப்பட்டது. ஈரத்தில் நீண்டு வறட்சியில் சுருங்கும் ஒரு தலைமுடிதான் அந்தக் கருவிக்கு உயிர். மனைவி நாவலில் இருந்து கண்ணை எடுக்காமல் தலையைச் சாய்த்துக் கொடுத்தாள். இதற்கு முன் போட்டதும் அவளுடையதுதான்.

வியாழக்கிழமை பத்து மணிக்கு அக்கா வாசலில் நின்றாள். தோளில் நீளமான தோல் பெட்டி, அதில் ‘இந்தப் பக்கம் மேலே’ என்ற அம்புக்குறி. உள்ளே கருவி தலைகீழாக இருந்தது. “ஆபீஸ் மெக்கானிக் கழட்டிக் கட்டிக் கொடுத்தாரு. ராத்திரி பூரா குழந்தை மாதிரி மடியிலயே வச்சிட்டு வந்தேன்” என்றாள். பிறகு வாசல் பலகையைப் படித்தாள். திரும்பித் தெருவைப் பார்த்தாள். மறுபடி பலகையைப் படித்தாள்.

“ஏன்டா, ஸ்டேஷன்லேர்ந்து நடந்துதான் வந்தேன். நூத்திப்பத்து மீட்டர் ஏறியிருக்கேனா? மூச்சே வாங்கலியே!”

“ஸ்டேஷன் பலகை தப்பு அக்கா. லெட்டர் போட்டிருக்கேன்.”

“வாங்க அண்ணி” என்று எழுந்த மனைவி, பேச்சு அதற்கு மேல் வளராமல் பார்த்துக்கொண்டாள்.

அக்கா கண்ணாடியை மாட்டிக்கொண்டு, பையில் இருந்து ஒரு நோட்டை எடுத்து, முதல் கருவியில் இருந்து ஆரம்பித்தாள். ஒவ்வொன்றின் முன்னும் நின்று, கண்ணை முள்ளுக்கு நேராக இறக்கி, படித்து, எழுதினாள். எழுநூற்று நாற்பத்தாறு. அடுத்தது, எழுநூற்று நாற்பத்தாறு. அடுத்தது, அதே. பெரியவரோடு முப்பத்தொன்றையும் எழுதி முடிக்க ஒரு மணி நேரம் ஆனது. நடுவில் ஒரு வார்த்தை பேசவில்லை. வியப்பில் வாயடைத்துப் போய்விட்டாள் என்று தம்பி நினைத்துக்கொண்டார். நினைப்புக்கு என்ன தடை?

“எல்லாம் ஒண்ணாத்தான்டா காட்டுது” என்றாள் கடைசியில். “இப்படி நான் எங்கேயும் பார்த்ததில்ல.”

அவருக்கு அப்போதே ரெக்கை முளைத்துவிட்டது. அந்த வேகத்தில் அக்காவின் கருவியைப் பெட்டியில் இருந்து எடுத்து, மெல்ல நிமிர்த்தி, பெரியவருக்குப் பக்கத்தில் மாட்டினார். அறையின் சூட்டுக்கு அது பழகட்டும் என்று காத்திருந்தார்கள். மனைவி டீ கொண்டுவந்தாள். ஒரு மணி நேரம் கழித்து அக்கா எழுந்து போய்ப் படித்தாள். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு மறுபடி படித்தாள்.

“எழுநூத்தி ஐம்பத்தாறு.”

பத்து மில்லிமீட்டர் வித்தியாசம். அழுத்தமானிக்காரர்களுக்குப் பத்து மில்லிமீட்டர் என்றால் சாதாரணமில்லை. சமையல்காரர் உப்புக்குப் பதில் சர்க்கரை போட்ட மாதிரி. குடைக்காரர் ஒரு நொடிகூட யோசிக்கவில்லை.

“வழியில குலுங்கி உன்னோடது கெட்டிருக்கு அக்கா.”

அக்காவின் முகம் வெளுத்துப் போனதை அவர் கவனிக்கவில்லை. அவள் மெதுவாக ஸ்டூலில் உட்கார்ந்தாள்.

“வழியிலதான் கெட்டுச்சா?” என்றாள். “இல்ல, முன்னாலேர்ந்தே இப்படித்தானா?”

“அது எப்படிச் சொல்றது? உள்ளே காத்து எப்ப புகுந்துச்சோ.”

“நான் தொட்டதே இல்லடா. படிக்கிறது மட்டும்தான் என் வேலை. ரிப்பேருக்கெல்லாம் ஆபீஸ்லேர்ந்துதான் ஆள் வருவாங்க. முப்பத்திநாலு வருஷம்... ஒரு நாள் விடாம எழுதியிருக்கேன். காய்ச்சல்ல கூட எழுந்து போய்ப் படிச்சிருக்கேன். அதெல்லாம் தப்பா?”

அக்கா இப்படிக் கேட்டு அவர் பார்த்ததே இல்லை. பாவமாகத்தான் இருந்தது. ஆனால் உண்மையை மறைப்பானேன், பாவத்துக்கு அடியில் கொஞ்சம் இனிக்கவும் செய்தது. பரீட்சையில் தோற்றவன் ஜெயித்தவளுக்கு விளக்கம் சொல்லும் நாள் அல்லவா அது.

“இரு. சாய்ச்சுப் பார்த்தா தெரிஞ்சிடும்” என்று தொண்டையைச் செருமிக்கொண்டு, அக்காவின் கருவியை ஆணியில் இருந்து எடுத்தார். பார்வையாளர்களுக்குச் செய்து காட்டும் அதே தோரணை. மெல்ல, மிக மெல்லச் சாய்த்தார்.

‘டிக்.’

பட்டறையே அதிரும்படி அவருக்குக் கேட்டது. உண்மையில் சின்னச் சத்தம்தான். பதினோரு வருஷத்தில் இவ்வளவு சுத்தமான ‘டிக்’கை அவர் கேட்டதில்லை.

“ஐயோ, உடைஞ்சிருச்சா?” அக்கா எழுந்துவிட்டாள். “கண்ணாடி விரிசல் விட்ட சத்தம் கேட்டுதே!”

அவர் மண்டைக்குள் எல்லாம் ஒவ்வொன்றாக வந்து வரிசையில் நின்றன: பஸ் பயணம், 124 மீட்டர், மூன்று கடிதம், சட்டம் போட்ட பதில், வெயிலில் சுமந்த குடை, கொடியில் ஏறிய படுக்கை விரிப்புகள். எல்லாம் ஒன்றுபோல் ஒரே இடத்தைக் காட்டின. இதைத்தானே அவர் துண்டுப் பிரசுரத்தில் போட்டிருந்தார்?

“விடுடா” என்றாள் அக்கா. குரல் இறங்கியிருந்தது. பையில் இருந்து படிவத்தை எடுத்து மேசையில் வைத்துப் பேனாவைத் திறந்தாள். “முப்பத்தொண்ணும் ஒரே பொய்யைச் சொல்லாது. நீதான்டா சரி. இது பழுதுன்னு எழுதிடறேன். பழுதான கருவியைப் பெரிய ஊருல வாங்கமாட்டாங்க. இங்கேயே இருக்கட்டும். உன் இடத்தை நான் பொம்மைக் கடைன்னு சொன்னேன். தப்புதான்.”

நீதான்டா சரி. பதினோரு வருஷமாக, கணக்குப் பார்த்தால் அந்த இரண்டாவது பரீட்சை முடிவு வந்த நாளில் இருந்து, அவர் காதுகள் காத்திருந்த சொல். அது வந்துவிட்டது. கருவியும் வந்துவிட்டது. அவர் வாயை மூடிக்கொண்டு நின்றால் போதும். வாயை மூடிக்கொண்டு நிற்பது அத்தனை பெரிய காரியமா? அது சுலபம் என்றுதான் அவருக்கும் தோன்றியது. நானும் உள்ளதைச் சொல்லிவிடுகிறேன், அரை நிமிஷம் அப்படி நிற்கவும் செய்தார்.

ஆனால் அந்த ‘டிக்’குக்கு அர்த்தம் தெரிந்த இன்னொருவர் அங்கே இருந்தார். பட்டறை வாசலில் மனைவி காலி டம்ளர்களோடு நின்றிருந்தாள். அவரைப் பார்த்தாள். துப்பறியும் நாவலில் கடைசிப் பக்கத்துக்கு முந்தின பக்கத்தைப் படிக்கும்போது அவள் முகம் எப்படி இருக்குமோ அப்படி இருந்தது.

அக்கா ‘பழுது’ என்று எழுத ஆரம்பித்தாள். முதல் எழுத்தே கோணலாக விழுந்தது. முப்பத்திநாலு வருஷம் ஒரு கோடு பிசகாமல் எழுதிய கை அது.

“அக்கா, எழுதாதே.”

அவளுடைய கருவியைப் பத்திரமாக ஆணியில் மாட்டினார். பெரியவரை எடுத்தார். பதினோரு வருஷத்தில் முதல் தடவையாகச் சாய்த்தார். இன்னும் சாய்த்தார். சத்தமே இல்லை. பாதரசம் உச்சிக்குப் போய் ஊமையாக நின்றது. அதற்கு மேலே, கண்ணாடி முனையில், மிளகளவு ஒரு குமிழ் பளபளவென்று உட்கார்ந்திருந்தது.

“இது என்னடா?”

“காத்து. பாதரசத்தைக் கீழே அமுக்கிக் குறைச்சுக் காட்டுது. உன்னோடது உடையல அக்கா. நல்லா இருந்தாத்தான் அந்தச் சத்தம் வரும். கெட்டது இதுதான். இதைப் பார்த்துத்தான் மத்த முப்பதையும் திருப்பி வச்சேன்.”

“எப்போலேர்ந்து?”

“பஸ்ஸுல நிமிர்த்திப் பிடிச்சிட்டு வந்தேனே, அன்னியிலேர்ந்து.”

அக்கா குமிழைப் பார்த்தாள், தம்பியைப் பார்த்தாள். “அப்போ அந்த நூத்தி இருபத்திநாலு மீட்டரு?”

“இந்தக் குமிழுதான்.”

“ரயில்வேக்குப் போட்ட லெட்டரு?”

“மூணு.”

“மூலையில சாத்தியிருக்கற அந்தக் குடை?”

“பதினோரு வருஷம் அண்ணி” என்றாள் மனைவி வாசலில் இருந்து. “ஆறு குடை மாத்தியாச்சு.”

முதலில் அக்காவின் தோள்தான் குலுங்கியது. அழுகிறாளோ என்று அவர் பயந்துபோனார். அப்புறம் சத்தம் வந்தது. வயிற்றைப் பிடித்துக்கொண்டு, மேசையில் தலையைச் சாய்த்து, “மிளகளவு! மிளகளவுக் காத்துல ஒரு ஊரையே தூக்கிட்டியேடா!” என்று சிரித்தாள். மனைவியும் சேர்ந்துகொண்டாள். கொஞ்ச நேரம் உர்ரென்று நின்ற குடைக்காரருக்கும் எங்கிருந்தோ பீறிட்டது. தன்னைப் பார்த்துத் தானே சிரிப்பது எவ்வளவு சுகம் என்று அன்றுதான் அவருக்குத் தெரிந்தது. பெரியவரைக் கையில் பிடித்தபடியே சிரித்தார். உள்ளே குமிழ் மேலும் கீழும் ஓடியது.

சிரிப்பு அடங்கியதும் அக்கா அவர் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டாள். கண் நிறைந்திருந்தது. “என் நோட்டெல்லாம் சரிதானேடா?”

“ஒரு கோடு பிசகாது.”

அவள் அந்தத் தாளில் பாதியில் நின்ற ‘பழுது’ என்ற சொல்லை அழுத்தி அடித்தாள். அப்புறம் மூக்கை உறிஞ்சிக்கொண்டு, அரசாங்கக் குரலுக்கு மாறினாள். “அடுத்த கேள்வி. காட்சியகத்திலுள்ள கருவிகள் துல்லியமானவையா?”

“உள்ளதை எழுது அக்கா. பெரிய ஊருக்கே அனுப்பிடு. நான் ஒண்ணும் நினைச்சுக்கமாட்டேன்.” நினைத்துக்கொள்வார் என்பது மூன்று பேருக்கும் தெரியும்.

அக்கா வெகுநேரம் எழுதினாள். எழுதியதைப் படித்துக் காட்டினாள். ‘முப்பத்தொரு அழுத்தமானிகளும் பத்து மில்லிமீட்டர் குறைத்துக் காட்டுகின்றன. முடி ஈரப்பதமானி மட்டும் சரி. இத்தவறைக் காப்பாளர் தாமே கண்டறிந்து, யாரும் கேட்காமல் தெரிவித்தார். எனவே நிலையத்தின் கருவியை இங்கேயே வைக்கப் பரிந்துரைக்கிறேன். சரியான கருவி ஒன்று மிக அவசரமாகத் தேவைப்படும் இடம் எனக்குத் தெரிந்து இதுதான்.’

“முடியைப் பத்தி எழுதினீங்களே, அது போதும் எனக்கு” என்றாள் மனைவி.

அன்று மாலைக்குள் அக்காவின் கருவியைப் பார்த்து முப்பதையும் திருப்பி வைத்தார்கள். அக்கா அளவைச் சொல்லச் சொல்ல, அவர் திருகைத் திருப்பினார். முட்கள் பதினோரு வருஷக் குடியிருப்பைக் காலி செய்துகொண்டு தெளிவுப் பக்கம் நகர்ந்தன. 124 மீட்டர் பலகையைக் கழற்றி, பெரியவருக்குப் பக்கத்திலேயே மாட்டினார். அது இப்போது காட்சிப்பொருள்.

மறுநாள் காலை, அக்கா ரயிலுக்குக் கிளம்பும் முன், சலவைக்காரர் வழக்கம்போல் எட்டிப் பார்த்தார்.

“என்ன சார் சொல்லுது?”

குடைக்காரர் நிமிர்ந்து நின்றார். “இன்னிக்கு மழை கிடையாது. வெயில்தான்.”

சலவைக்காரர் அப்படியே நின்றார். இப்படி ஒரு பதிலை அவர் அந்த வாயில் இருந்து கேட்டதே இல்லை. அடுத்த நொடி கடைக்குள் பாய்ந்தார். “ஏய்! கொடியில இருக்கறதெல்லாத்தையும் உள்ளே எடு! சீக்கிரம்! சாரே மழை இல்லங்கறாரு!”

அன்று முழுக்கக் காய்ச்சு காய்ச்சென்று வெயில் காய்ச்சியது. கொடி காலியாகக் கிடந்தது. மாலையில் ஈரத் துணியைத் தோளில் போட்டுக்கொண்டு சலவைக்காரர் காட்சியகத்துக்குள்ளேயே வந்துவிட்டார்.

“இப்படிக் கழுத்தறுத்துட்டீங்களே சார்! பதினோரு வருஷமா உங்களை நம்பித்தானே தொழில் பண்றேன்?”

மட்டம் தட்டுகிறான் என்று குடைக்காரர் இத்தனை நாள் மனசுக்குள் திட்டியிருக்கிறார். தெருவிலேயே தன்னை முழுசாக நம்பிய ஒரே மனிதர் அவர்தான் என்று இப்போது தெரிந்தது. குடைக்காரர் அவரை உட்காரவைத்து, பெரியவரைச் சாய்த்துக் குமிழைக் காட்டி, கதை முழுவதையும் சொன்னார். வெளியாள் ஒருவருக்கு அந்தக் கதையைச் சொன்னது அதுதான் முதல் தடவை. மூன்று இடத்தில் சலவைக்காரர் தொடையைத் தட்டிச் சிரித்தார். அந்த மூன்று இடங்களிலும் குடைக்காரர் இன்றைக்கும் கொஞ்சம் நிறுத்தித்தான் சொல்கிறார்.

அடுத்த நாள் காலை எட்டரைக்குக் காட்சியகத்துப் போன் அடித்தது. மனைவி எடுத்து, “அண்ணி” என்று நீட்டினாள்.

“ஊர் போய்ச் சேர்ந்துட்டியா அக்கா?”

“சேர்ந்தாச்சு. எட்டரை ஆச்சுடா. சும்மா உட்கார முடியல. என்ன காட்டுது?”

அவர் பட்டறைக்குப் போனார். கண்ணைப் பாதரசத்துக்கு நேராக இறக்கி, மூச்சைப் பிடித்துக்கொண்டு படித்தார். திரும்பி வந்து சொன்னார். “ஏழு அஞ்சு ஏழு, புள்ளி நாலு.”

அந்தப் பக்கம் காகிதம் புரளும் சத்தம் கேட்டது. பேனா மூடியைத் திறக்கும் சத்தமும் கேட்டது.

“திரும்பச் சொல்லு” என்றாள் அக்கா.